திருத்தம் அனுப்புவோர் கவனத்திற்கு

(தீவகத்தில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் இளைஞர் முன்னிலையில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் இளைஞருக்குப் பயன்படத்தக்க பொருள் ஒன்றைப்பற்றிப் பேசவேண்டுமெனச் செயலாளர் எம்மைக் கேட்டுக்கொண்டார். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்குப் புதிதாகவும் வேறு சிலருக்கு அற்பமாகவும் தோன்றக்கூடும். கணினிக்கென எழுதப்பெற்ற நிரல் ஒன்றிற் பிழை கண்டால், அப்பிழையைத் திருத்தி, அத்திருத்தத்தை அந்நிரலைப் பேணுவோருக்கு மின்னஞ்சலில் அனுப்புதற்கு எங்ஙனம் ஆயத்தஞ் செய்வது என்பதே அப்பொருள். இது தொழில்நுட்பம் பற்றிய பேச்சுத்தானே என்று பெரியோர் எழுந்து போய்விடவேண்டாம். இதிற் பாதி நுட்பம். மற்றப் பாதி ஒழுக்கம்.

பிழை திருத்துதல் நம்மவர்க்குப் புதிய தொழிலன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881ஆம் ஆண்டில் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றினார்கள். செல்லரித்த ஏடுகளைப் பல இடங்களிலிருந்து தேடிப்பெற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, இவ்வேட்டில் இவ்வாறு, அவ்வேட்டில் அவ்வாறு என்று கண்டு, எது பொருந்தும் என்று துணிந்தார்கள். தாம் செய்ததைப் பதிப்புரையிற் சொல்லிவைத்தார்கள். மூலம் எது, மாற்றம் எது, மாற்றியதற்குக் காரணம் எது என்ற மூன்றையும் பிறர் அறியச்செய்வதே நல்ல திருத்தத்தின் இலக்கணம். இன்று நாம் சொல்லப்போவனவெல்லாம் இம்மூன்றின் விரிவே.

மூலநிரல் என்பது மனிதர் வாசிக்கத்தக்க எழுத்தாக எழுதப்பெற்ற கட்டளைத் தொகுதி. அதைப் பூட்டிவைத்து விற்பாரும் உளர். எல்லாரும் வாசிக்கவும் திருத்தவும் பகிரவும் விட்டுவைப்பாரும் உளர். பின்னவர் செய்தனவே கட்டற்ற மென்பொருள்கள். பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ் கருவகம் அவற்றுட் பேர்பெற்றது. உங்கள் சட்டைப்பைகளில் உள்ள அண்ட்ரொயிட் கைத்தொலைபேசிகள் அனைத்தும் அக்கருவகத்தின் மேலேயே இயங்குகின்றன. ஏறத்தாழ ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை அது புதிதாக வெளியிடப்படுகின்றது. வெளியீடு ஒவ்வொன்றிலும் பொதுவாக 10,000க்கு மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. அவை பெரும்பாலும் மின்னஞ்சல் வழியாகவே வந்து, பலர் கண்முன் ஆராயப்பட்டு ஏற்கப்படுகின்றன.

அனுப்பப்படுவது முழுநூலன்று, வேறுபாடு மாத்திரமே. ஆங்கிலத்தில் அதைப் 'பட்ச்' என்பர். கிழிந்த பாயிற் போடும் ஒட்டுக்கும் அதுவே பெயராதலின் நாமும் அதனை ஒட்டு என்றே வழங்குவோம். இரு கோப்புகளுக்கிடையேயுள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் 'டிஃப்' என்னும் நிரலை 1970களின் முற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் ஆக்கினர். அவ்வேறுபாட்டை வாங்கி மூலத்திற் பொருத்தும் நிரலை லாரி வால் என்பவர் 1985இல் எழுதினார். இவ்விரண்டினாலும், உலகின் எம்மூலையில் இருப்பவரும் இரண்டு வரித் திருத்தத்தை இரண்டு வரியாகவே அனுப்பும் வசதி பிறந்தது. 2005ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் டோர்வால்ட்ஸ் அவர்களே 'கிற்' என்னும் வரலாறு பேணும் கருவியைச் செய்தார். அதே ஆண்டு யூலை முதல் யூனியோ ஹமானோ என்பவர் அதனைப் பேணிவருகின்றார்.

ஒட்டின் உருவத்தைச் சிறிது நோக்குவோம். நீக்கிய வரியின் தலையிற் கழித்தற்குறி இருக்கும். சேர்த்த வரியின் தலையிற் கூட்டற்குறி இருக்கும். அவற்றின் மேலும் கீழும் மாறாத வரிகள் மும்மூன்று நிற்கும். மாறாத வரிகளை எதற்காக அனுப்புகிறார்கள்? நம் காணி உறுதிகளை நினைத்துப்பாருங்கள். பரப்பளவை மாத்திரம் எழுதினாற் போதுமா? கிழக்கெல்லை இன்னாருடையது, வடக்கெல்லை ஒழுங்கை என்று நாலெல்லையும் எழுதினாலன்றோ காணி இன்னதெனத் துணியலாம்? அதுபோலவே, மூலக்கோப்பில் வேறொருவர் பத்து வரி சேர்த்து வரியெண்கள் மாறிவிட்டாலும், அயல்வரிகளைக்கொண்டு உரிய இடத்தைக் கருவி கண்டுகொள்ளும். அயல்வரிகளே மாறிப்போயிருப்பின் ஒட்டுப் பொருந்தாதெனத் திருப்பிவிடும். ஆகவே அனுப்புமுன் மூலத்தின் மிகப் புதிய வடிவத்தைப் பெற்று, அதன்மேலேயே உங்கள் வேலையை அமைத்துக்கொள்ளுங்கள்.

இம்முறை தீவுகளில் வாழும் நமக்கு மிகவும் ஏற்றது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரம் செல்லவேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளிற் படகே இல்லை. தொலைபேசித் தொடர்பும் நடுக்கடலில் வந்துவந்து போகும். 'கிற்' என்னும் கருவியோ முழு வரலாற்றையும் உங்கள் கணினியிலேயே வைத்திருப்பது. தொடர்பின்றியே வேலை செய்யலாம். பழைய மாற்றங்களைப் பார்க்கலாம். ஒட்டுகளையும் ஆயத்தஞ் செய்யலாம். தொடர்பு கிடைத்த சில நொடிகளிற் சில ஆயிரம் எழுத்துக்கள் கொண்ட ஓர் அஞ்சல் போய்ச்சேர்ந்துவிடும். படிப்பதற்கு யாழ்ப்பாணமோ கொழும்போ போகவேண்டும் என்பார்க்கு, இது நயினாதீவிலிருந்தே செய்யத்தக்க வேலை என்று சொல்லுவோம்.

இனி ஆயத்தஞ் செய்யும் முறையைச் சொல்லுவோம்.

முதலாவது, ஓர் ஒட்டில் ஒரு மாற்றமே இருக்கவேண்டும். நாம் முதன்முதல் அனுப்பியபோது செய்த பிழை இதுவே. ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தப்போனோம். போனவிடத்தில் இடைவெளிகளையும் ஒழுங்குபடுத்தினோம். ஒரு புதிய வசதியையும் சேர்த்தோம். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினோம். வாசித்தவருக்கு, முந்நூறு வரி மாற்றத்துள் உண்மையான திருத்தம் எவ்விடத்தில் உள்ளதென்றே தெரியவில்லை. படகில் ஏற்றும் பொதியில் மூன்று வீட்டுச் சாமான்களை ஒன்றாய்க் கட்டினால், இறங்குதுறையில் அவிழ்ப்பவர் பாடு என்னாகும்? வீட்டுக்கொரு பொதி கட்டுங்கள்.

மாற்றம் பெரிதாயின் அதனைப் பல ஒட்டுகளாக வகுத்து இலக்கமிட்டு அனுப்பலாம். ஆனால் ஒவ்வோர் ஒட்டும் பொருந்தியவுடன் நிரல் முழுவதும் பழுதின்றி இயங்கவேண்டும். ஐந்தாவது ஒட்டு வந்தபின்புதான் முதலாவது சரியாகும் என்று சொல்லக்கூடாது. நெடுந்தீவில் முருகைக்கல் வேலி கட்டுவோரைப் பார்த்திருப்பீர்கள். சாந்து இல்லை, ஒரு வரிசை தானாக நின்ற பின்பே அதன்மேல் அடுத்த வரிசை. பின்னொருநாட் பழுது தோன்றினால், எந்த ஒட்டோடு அது வந்தது என்று வரலாற்றைப் பாதிபாதியாகப் பிரித்துத் தேடும் வழக்கம் உண்டு. இடையில் ஓர் ஒட்டு இயங்காததாயிருப்பின் அத்தேடல் கெட்டுப்போம்.

இரண்டாவது, விளக்கம். அஞ்சலின் தலைப்பிலே, நிரலின் எப்பகுதியைத் தொட்டோம், என்ன செய்தோம் என்பதை ஒரு வரியிற் சொல்லவேண்டும். 'சிறு திருத்தம்', 'பிழை நீக்கம்' என்னும் தலைப்புகள் பயனற்றவை. உடற்பகுதியில் முதலில் நோயைச் சொல்லுங்கள். பின்பு மருந்தைச் சொல்லுங்கள். என்ன செய்தால் பிழை தோன்றுகிறது, யாருக்கு அதனால் இடர், ஏன் இவ்வழியைத் தெரிந்துகொண்டோம் என்பனவற்றைக் குறுகிய வரிகளில், வரிக்கு எழுபத்தைந்து எழுத்துக்கு மேற்படாமல் எழுதுவது லினக்ஸ் கருவகத்தாரின் வழக்கம். நிரலில் என்ன மாறிற்று என்பதை ஒட்டே காட்டும். ஏன் மாறிற்று என்பதை நீங்கள் சொன்னாலன்றி எவரும் அறியார். பத்தாண்டு கழித்து அதை வாசிப்பவர் உங்களைக் கேட்டறிய முடியாத நிலையில் இருக்கலாம். அவருக்காக எழுதுங்கள்.

மூன்றாவது, ஒப்பம். 2004ஆம் ஆண்டு முதல் லினக்ஸ் கருவகத்துக்கு அனுப்பும் ஒட்டு ஒவ்வொன்றின் முடிவிலும், அனுப்புவோர் தம் பெயரும் முகவரியுமிட்டு ஒப்பமிடுகின்றனர். இது நான் எழுதியது, அல்லது அனுப்புதற்கு எனக்கு உரிமையுள்ளது என்ற உறுதிமொழியே அவ்வொப்பம். மற்றொருவர் எழுதியதைத் தம்முடையதென்று காட்டுவது களவு. தொழில்செய்யும் கம்பனிக்கு உரியதைக் கேளாமல் அனுப்புவதும் அத்தன்மையதே. ஒப்பமிடுமுன் ஒருதரம் நினைத்துப்பாருங்கள்.

நான்காவது, சோதனை. மாற்றிய நிரலைத் தொகுத்து இயக்கிப்பாராமல் அனுப்புவது, உப்புப் பாராமற் பந்தியிற் பரிமாறுவதை ஒக்கும். பெரிய திட்டங்கள் எழுத்துநடையைச் சோதிக்கும் நிரல்களையும், எவரெவருக்கு ஒட்டை அனுப்பவேண்டும் எனக் காட்டும் நிரல்களையும் தாமே வைத்திருக்கின்றன. அவற்றைக் கேட்டுப் பின்பு அனுப்புங்கள்.

ஐந்தாவது, அஞ்சலின் வடிவம். ஒட்டு வெறும் எழுத்தாக, அஞ்சலின் உடலிலேயே இருக்கவேண்டும். நிறமும் அலங்காரமும் சேர்ந்த அஞ்சல்களைப் பல அஞ்சற்பட்டியல்கள் வாசலிலேயே மறித்துவிடும். இணைப்பாக அனுப்பினால், வாசிப்பவர் வரிக்குவரி மேற்கோள் காட்டிக் கருத்தெழுத இயலாது. சில அஞ்சல் நிரல்கள் நீண்ட வரியை முறித்துவிடும். வரித்தலையிலுள்ள தாவல்களை வெற்றிடங்களாக மாற்றிவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கருவிக்குத் தெரியும். எம்முடைய இரண்டாவது முயற்சி இவ்வாறே கெட்டது. ஆதலின் 'கிற்' கருவியின் 'ஃபோர்மற்-பட்ச்' என்னும் கட்டளையால் ஒட்டை ஆக்கி, 'சென்ட்-ஈமெயில்' என்னும் கட்டளையால் அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் முன், உங்களுக்கே ஒருமுறை அனுப்பி, வந்த அஞ்சலை எடுத்து மூலத்திற் பொருத்திப் பாருங்கள். பொருந்தினால் மற்றவருக்கும் பொருந்தும்.

ஆறாவதே கடினமானது. அது பொறுமை.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டியுள்ளது. நம் தீவுகளுள் ஒன்றைச் சேர்ந்த மாணவன் ஒருவன், 'கொ', 'போ' முதலிய எழுத்துக்களை அழிக்கும்போது உயிர்க்குறி பிளவுபட்டு நிற்கும் பிழையை ஒரு சிறு நிரலிற் கண்டான். பல இரவுகள் விழித்திருந்து காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தத்தை அனுப்பினான். பதினொரு நாட்களுக்குப் பின் மறுமொழி வந்தது. மூன்றே வாக்கியங்கள். தலைப்புத் தெளிவில்லை, இதனை இரண்டாகப் பிரிக்கவும், ஒரு சோதனையும் சேர்க்கவும். வணக்கமுமில்லை, நன்றியுமில்லை. "சேர், அவையள் என்னை மதிக்கேல்லை" என்று சொல்லிக்கொண்டு எம்மிடம் வந்தான். அந்நாளில் இவ்வழக்கங்களை நாம் அறியோம். "விடு தம்பி, சோதனை வருகுது, உன்ரை படிப்பைப் பார்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

ஓராண்டு கழிந்தபின் வேறொரு நாட்டவர் அதே பிழையைக் கண்டு, அதே திருத்தத்தை இரண்டாகப் பிரித்து, சோதனையும் சேர்த்து அனுப்பினார், ஏற்கப்பட்டது. அதுவரையும் அந்நிரலிலே தமிழ் எழுதியவரெல்லாம் பிளவுபட்ட எழுத்தையே கண்டனர். நாம் பின்பு அத்திட்டத்தின் பழைய அஞ்சல்களை வாசித்தபோது, அப்பேணுநர் இருபதாண்டு அனுபவமுடையாருக்கும் அதே மூன்று வாக்கிய நடையிலேயே எழுதியிருக்கக் கண்டோம். பையனை அவர் அவமதிக்கவில்லை. வேலையை வாசித்தார், திருத்தினால் ஏற்பேன் என்று தம் வழக்கப்படி சொன்னார். அதை அவமதிப்பென்று மொழிபெயர்த்தவர்கள் நாமே. அறிவுரை சொல்லும் இடத்தில் இருந்துகொண்டு அறியாமற் சொன்ன அந்த ஒரு வார்த்தையே இன்று இப்பொருளை எடுத்துக்கொள்ள எம்மைத் தூண்டியது.

ஆகவே மறுமொழி வந்தால் மகிழுங்கள். ஒருவர் தம் நேரத்தைச் செலவிட்டு உங்கள் எழுத்தை வாசித்திருக்கின்றார். அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவர் வரியின் கீழேயே விடை எழுதுங்கள். ஏற்றதைத் திருத்துங்கள், ஏற்காததைக் காரணங்காட்டி மறுங்கள், விடாமற் போகாதீர்கள். திருத்தியதை இரண்டாவது பதிப்பு என்று தலைப்பிற் குறித்து, முன்னையதிலிருந்து என்ன மாறிற்று என்பதை மூன்று கோட்டுக் குறியின் கீழ் எழுதி அனுப்புங்கள். அக்குறியின் கீழ் எழுதுவது வாசிப்பவருக்காகவே. நிரலின் வரலாற்றிற் சேராது. மறுமொழியே வராவிடின், ஒரு வாரத்துக்குள் நினைவூட்டக்கூடாது. இரண்டு மூன்று வாரம் பொறுத்து வணக்கமாகக் கேட்கலாம்.

பேணுநர் ஏன் இத்துணைக் கண்டிப்பாயிருக்கின்றனர் என்று கேட்கலாம். 2021ஆம் ஆண்டில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றைச் சார்ந்த ஆராய்ச்சியாளர், வேண்டுமென்றே குறைபாடு வைத்த ஒட்டுகளை லினக்ஸ் கருவகத்துக்கு அனுப்பிப் பரீட்சித்தமை தெரியவந்தது. அதன்மேல் அந்நிறுவனத்திலிருந்து முன்னர் வந்த நூற்றுக்கணக்கான மாற்றங்களையும் மீள ஆராயவேண்டியதாயிற்று. ஒருவர் செய்த வஞ்சனையாற் பலர் நம்பிக்கை இழந்தனர். முகமறியாதார் அஞ்சலில் அனுப்பும் எழுத்தைக் கோடிக்கணக்கானோரின் கருவிகளில் ஏற்றும் பொறுப்பு அவர்களுடையது. அவர்கள் கேள்வி கேட்பதே நமக்குக் காவல்.

நம் தமிழுக்கு இதில் என்ன வேலை என்றும் ஒருவர் கேட்டார். லினக்ஸ் கணினிகள் பலவற்றில் அடித்தளமாயிருக்கும் குனூ சி நூலகத்தில், ஒவ்வொரு மொழிக்கும் நாட்டுக்கும் உரிய கிழமைப் பெயர், மாதப் பெயர், நாணயக் குறி முதலியன தனித்தனிக் கோப்புகளாக உள்ளன. இந்தியத் தமிழுக்கு ஒரு கோப்பு. இலங்கைத் தமிழுக்கு ஒரு கோப்பு. அவர்கள் 'ஆகஸ்ட்', 'அக்டோபர்' என்று எழுதுவர். நாம் 'ஓகஸ்ட்', 'ஒக்டோபர்' என்று எழுதுவோம். நம் கோப்பில் நம் வழக்கல்லாத ஒன்றைக் கண்டால், அதைத் திருத்த நம்மையன்றி யார் வருவார்? அந்நூலகத்துக்கும் ஒட்டுகள் அஞ்சலிலேயே போகின்றன. 2021ஆம் ஆண்டு முதல் பதிப்புரிமையை எழுதிக்கொடாமல் ஒப்பமிட்டே அனுப்பவும் இடமுண்டு. ஆயினும் 'எங்களூரில் இப்படித்தான்' என்று எழுதினாற் போதாது. யூனிக்கோட் அமைப்பின் பொதுத் தரவுக் களஞ்சியத்தில் எவ்வாறுள்ளது என்று கேட்பார்கள். அங்கேயே மாறுபட்டிருப்பின் அங்கும் திருத்தம் கோரவேண்டும். அரசாங்க வெளியீடு, பாடநூல், பத்திரிகை என்பனவற்றிலிருந்து சான்று காட்டவேண்டும். ஏடு காட்டித் துணிந்த தாமோதரம்பிள்ளையவர்கள் பரம்பரையினருக்கு இது கடினமாகுமா?

கரம்பொனிற் பிறந்த தனிநாயகம் அடிகள் 1952ஆம் ஆண்டில் 'தமிழ்க் கலாசாரம்' என்ற ஆங்கில ஏட்டைத் தொடங்கி, தமிழின் செய்தியைப் பிறநாட்டு அறிஞர்முன் சான்றோடு வைத்தார்கள். இத்தீவகத்திற் பிறந்தோர் உலகத்தோடு எழுத்தாற் பேசுவது அன்றே தொடங்கிவிட்டது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதிக் கடற்பேரலைக்குப் பின், இலங்கைத் தொண்டர்கள் நிவாரண வேலைக்காக ஆக்கிய 'சகானா' என்னும் கட்டற்ற மென்பொருள் பின்பு பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு அளித்தது. ஆக, பெறுவது மாத்திரமன்று, கொடுப்பதும் இந்நாட்டவர்க்கு இயலும் என்பது முன்னரே தெரிந்தது.

வாலிப நண்பர்களே, பெரிதாகத் தொடங்கவேண்டாம். நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் நிரல் ஒன்றை எடுங்கள். அதன் விளக்கநூலில் ஓர் எழுத்துப்பிழை கண்டாலும் போதும். அந்த ஒன்றை மாத்திரம் திருத்துங்கள். காரணத்தை எழுதுங்கள், உங்களுக்கே அனுப்பிச் சோதியுங்கள், ஒப்பமிட்டு அனுப்புங்கள். மூன்று வாக்கியத்தில் மறுமொழி வந்தால் எம்மிடம் கொண்டுவாருங்கள். இம்முறை 'விடு தம்பி' என்று சொல்லமாட்டோம். பக்கத்திலிருந்து இரண்டாவது பதிப்பை ஆயத்தஞ் செய்வோம்.